டிஸ்க் நூறு சதவீதம்

பிப்ரவரி 3, திங்கள்

எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மெர்லின் மேடம் இன்று சொன்னார்: "இப்ப இருந்தே தினமும் ஒரு பக்கம் எழுதுங்க சார். அப்புறம் கொஞ்ச நாளைக்கு எல்லாத்தையும் எழுதித்தான் காட்டவேண்டி இருக்கும்." முப்பது வருடமாக நான் எழுதியது லைசென்ஸ் விண்ணப்பங்கள் மட்டும்தான். அதில் பெயர், வயது, ரத்த வகை. அதே வரிசையில் ஆரம்பிக்கிறேன்.

சென்னியப்பன், 54, பி பாசிட்டிவ். பெருந்துறையில் டிரைவிங் ஸ்கூல். வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். மனைவி சாந்தாமணி ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறாள், நான் வண்டியில் இடது பக்கம் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறேன். குழந்தைகள் இல்லை.

குரல்வளையில் கட்டி. குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட வேண்டுமாம். இருபதாம் தேதி வியாழக்கிழமை காலை ஆபரேஷன். அதன் பிறகு கழுத்தில் ஒரு துளை வழியாக மூச்சு விடுவேன். பேச்சு வராது. சிகரெட் உண்டா என்று டாக்டர் கேட்டார். விட்டு ஆறு வருடம் ஆகிறது என்றேன்.

மெர்லின் மேடம் ஒரு யோசனை சொன்னார். தினமும் நான் சொல்லும் வாக்கியங்களை என் குரலிலேயே பதிந்து வைத்துக்கொண்டால், பிறகு போனில் பட்டனை அழுத்தி அதைப் பேச வைக்கலாம். முந்நூறு வாக்கியம் போதுமாம். ஒரு மைக்கும், கம்ப்யூட்டரில் போடவேண்டிய புரோகிராமும் கொடுத்தனுப்பினார்.

திரும்பும்போது நான்தான் வண்டி ஓட்டினேன். அவிநாசி தாண்டியதும் சாந்தாமணி, தயிர் வாங்க வேண்டும் என்றாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலை இரண்டு வகுப்பு. கட்டிய தொண்டையோடு ஒரு மணி நேரம் பேசியதில் மூச்சு வாங்கியது. படிக்க வருகிறவர்கள் சளி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மூன்று மாதம் அப்படித்தான் நினைத்தேன்.

மத்தியானம் மைக்கை மாட்டினேன். ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஆன் செய்து, டீ குடித்து, தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். பெட்டியின் முன்பக்கம் ஒரு சிறிய சிவப்பு விளக்கு உண்டு. வாங்கிய புதிதில் எப்போதாவது மினுக்கும். இப்போது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு மறந்துபோனதுபோல அணையாமல் எரிகிறது. உள்ளே ஏதோ கரகரவென்று அரைக்கும் சத்தம்.

முதல் வாக்கியமாக "பிரேக்" என்று சொன்னேன். வண்டியில் ஏறியவர்கள் என் வாயிலிருந்து அதிகம் கேட்ட சொல் அதுதான். போட்டுக் கேட்டால் "பி... க்" என்று வந்தது. "கிளட்சை மெதுவா விடுங்க" என்று சொன்னால் "கிள... வா... ங்க". ஐந்து தடவை சொன்னேன். ஐந்திலும் ஓட்டை. ஆறாவது தடவை திரை அப்படியே உறைந்துவிட்டது.

சாந்தாமணி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, நாளைக்குப் பாக்கலாமுங்க. தொண்டைய வதைக்காதீங்க."

தொண்டையில் ஒன்றுமில்லை, கம்ப்யூட்டர்தான் சரியில்லை என்றேன்.

பிப்ரவரி 5, புதன்

ஆர்.டி.ஓ. ஆபீஸில் டெஸ்ட். மூன்று பேரைக் கூட்டிப்போனேன். இருவர் தேறினார்கள். மூன்றாமவர், மருந்துக் கடைக்காரர், பைக்கில் எட்டு போடும்போது காலை ஊன்றிவிட்டார். அடுத்த மாதம் வரலாம் என்றேன். அடுத்த மாதம் யார் கூட்டிக்கொண்டு வருவது என்பதை யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

கம்ப்யூட்டர்: நான் பட்டனை அழுத்திப் பேசி முடித்த பிறகுதான் பதிவு தொடங்குகிறது. திரையில் இருந்த பழைய படங்களை எல்லாம் அழித்தேன். நான்கு தடவை அணைத்துப் போட்டேன். சாந்தாமணி மானிட்டருக்கு விபூதி வைத்தாள். தேறிய வாக்கியங்கள்: இரண்டு.

பிப்ரவரி 6, வியாழன்

சாந்தாமணி தன் போனிலேயே பதியலாம் என்றாள். பதிந்தோம். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. போட்டுக் கேட்டேன். யாரோ ஒரு கிழவன், காற்றுப் போன டியூப்போல "லெப்ட்ல ஒதுங்குங்க" என்கிறான்.

போன் மைக் சரியில்லை. கம்ப்யூட்டரைச் சரிசெய்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

இரண்டு வகுப்பு. வாக்கியம் எதுவும் இல்லை. இன்னும் பதின்மூன்று நாள்.

பிப்ரவரி 8, சனி

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஷாஹிதா வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் என்னிடம் கார் ஓட்டக் கற்றவர். சாந்தாமணி போனிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. அவர் என் தொண்டையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு கட்டத்தைத் திறந்து காட்டினார். "இங்க பாருங்கண்ணா. இதுதான் மூளை. ஆறு சதவீதந்தான் வேலை செய்யுது, சும்மாதான் உக்காந்திருக்குது. இந்த வரியப் பாருங்க, டிஸ்க். நூறு."

அந்த வரி முழுச் சிவப்பாக இருந்தது. கீழே இறங்கவே இல்லை.

"டிஸ்க்குனா?"

"நீங்க சேத்து வெச்சதெல்லாம் இருக்கற எடம். உள்ளார ஒரு தட்டு சுத்திக்கிட்டே இருக்குது. அதுல படிக்கறதுக்கும் எழுதறதுக்கும் ஒரே ஒரு கைதான். பத்துப் பேரு ஆளுக்கொரு பக்கமிருந்து கூப்பிட்டா அது எங்கீங்க போகும்? நீங்க பேசறத எழுதி வெக்க அதுக்கு நேரமில்ல. அதான் உங்க பேச்சு அங்கங்க விட்டுப் போகுது."

ஒரே ஒரு வண்டி போகிற பாலத்தில் நாலு பக்கமும் லாரி நிற்கிறது என்று புரிந்துகொண்டேன். சொன்னதும் அவர் சிரித்தார். வைரஸ் தேடும் புரோகிராம் பகலெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினார். தானாக அப்டேட் ஆவதை நிறுத்தினார். டிஸ்க் நாற்பதுக்கு இறங்கியது. பதினொரு வாக்கியம் சுத்தமாகப் பதிந்தேன். அவர் போய் ஒரு மணி நேரத்தில் மறுபடியும் நூறு.

அந்தப் பதினொன்றையும் போட்டுக் கேட்டேன். இந்தத் தடவை மைக்கைக் குற்றம் சொல்ல வழியில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பத்து மணிக்கு ஷாஹிதா மறுபடி வந்தார். எந்தப் புரோகிராம் டிஸ்க்கை அதிகம் இழுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் ஒன்றில் விரலை வைத்தார். "இது என்னங்கண்ணா, வண்டி கேமராவா?"

நான் மறந்தே போயிருந்தேன். நான்கு வருடத்துக்கு முன் என் மாணவர் ஒருவர் ஒரு மொபெட் மேல் இடித்துவிட்டார். அடிபட்டவருக்குக் காலில் கட்டு, எனக்கு வழக்கு. அப்போது வக்கீல் சொன்னபடி வண்டிக்குள் ஒரு கேமரா மாட்டினேன். ரோட்டையும் பார்க்கும், உள்ளேயும் பார்க்கும், பேச்சையும் பிடிக்கும். வண்டி ஷெட்டுக்குள் வந்ததும் எல்லாவற்றையும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். எதையும் அழிக்கக் கூடாது என்று மாட்டியவரிடம் சொல்லியிருந்தேன். வழக்கு அடுத்த வருடமே முடிந்துவிட்டது. கேமராவை யாரும் நிறுத்தவில்லை.

"டிஸ்க்கு கழுத்து வரைக்கும் ரொம்பிப் போச்சுங்க. புதுசுக்கு எடம் பண்ண, இது பழசையெல்லாம் எடுத்துச் சுருக்கிச் சுருக்கி வெக்குது. நாள் பூரா படிக்கறதும் எழுதறதும்தான். கம்ப்யூட்டரு ஸ்லோவானதுக்கு இதுதான் காரணம். அழிச்சுட்டா பறக்கும். அழிச்சுடலாங்களா?"

"அழிங்க," என்றேன்.

அவர் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துவிட்டார். அப்போது சாந்தாமணி, "ஒண்ணே ஒண்ணு போட்டுக் காட்டு கண்ணு. என்னதான் இருக்குதுன்னு பாக்கலாம்," என்றாள். வேண்டாம் என்று கை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஷாஹிதா பழையதில் ஒன்றைத் திறந்தார். திறக்க நான்கு நிமிடம் ஆயிற்று. 2021, ஜூலை. விஜயமங்கலம் ரோடு. ஸ்டீயரிங்கில் யாரோ ஒரு பெண். மழை பெய்து ஓய்ந்த சத்தம். அதன்மேல் ஒரு ஆள் பேசுகிறார்: "அவசரமே இல்லைங்க. முன்னாடி போற பஸ்ஸுக்குத்தான் அவசரம். நீங்க செகண்டுலயே வாங்க. ஆங், அப்படித்தான்."

கனமான, நிறைவான குரல். அது நான்தான் என்று தெரிய ஒரு நொடி பிடித்தது.

படம் ஓடிக்கொண்டே இருந்தது. சாந்தாமணி பால் வைத்திருக்கிறேன் என்று உள்ளே போனாள். இன்று பால்காரர் வரவில்லை.

ஷாஹிதா தேர்ந்தெடுத்ததை எல்லாம் ஒவ்வொன்றாக விடுவித்தார். "நாலு வருசத்துப் பேச்சுங்கண்ணா," என்றார் மெதுவாக. "என்னோட கிளாஸும் இதுல இருக்கும்." பிறகு அடுத்த படத்தைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. உள்ளே கரகரப்புக்கு நடுவில் புதிதாக ஒரு தட்டல் கேட்டது. வேறொரு புரோகிராமைப் போட்டுச் சோதித்துவிட்டு, சட்டென்று கம்ப்யூட்டரையே அணைத்தார்.

"டிஸ்க்கு சாகப் போகுதுங்கண்ணா. நாலு வருசமா நிக்காம ஓடித் தேஞ்சிருக்குது. இனி நீங்க இத ஆன் பண்ணவே கூடாது. நான் கழட்டி எடுத்துட்டுப் போய் வேற டிஸ்க்குக்கு இறக்கிப் பாக்கறேன்."

"எத்தனை நாள்?"

"சொல்ல முடியாதுங்க. ஒவ்வொரு தடவ படிக்கறதும் கடைசித் தடவையா இருக்கலாம்."

தாம்பாளத்தைத் தூக்கிப் போவதுபோல இரண்டு கையாலும் பிடித்து எடுத்துக்கொண்டு போனார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஷாஹிதா கடைக்குப் போனேன். மேஜைமேல் அந்த டிஸ்க் இருக்கிறது. சாப்பாட்டு டப்பா அளவுதான். பக்கத்தில் டேபிள் ஃபேன். சூடானால் நின்றுவிடுமாம். பழைய வருடத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார். படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போகச் சொல்லியிருக்கிறாராம், திரும்பி வந்து அவற்றை மறுபடி பார்க்கலாம் என்றார். திரையில் ஆறு சதவீதம். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏழு.

"அண்ணா, நீங்க பாத்துக்கிட்டு இருந்தா அது வேகமாப் போகாதுங்க," என்றார்.

ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தேன். ஏழுதான்.

பிப்ரவரி 13, வியாழன்

முப்பத்தெட்டு. இன்றோடு வகுப்பை நிறுத்தினேன். ஸ்கூலின் மற்றொரு வண்டியில் கற்றுக்கொடுக்கும் ஜோதிலிங்கம் என் ஆட்களையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். இன்று கடைசியாக வந்தவர் ஒரு நர்ஸ். தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னார். சரி என்றேன்.

பிப்ரவரி 15, சனி

அறுபத்தொன்றில் நின்றுவிட்டது.

காலையில் ஷாஹிதா போன் செய்து சொன்னார். டிஸ்க் டிக், டிக் என்று தட்டுகிறது. கம்ப்யூட்டர் அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டவில்லை. அணைத்து ஆற வைத்திருக்கிறாராம். திங்கட்கிழமை போட்டுப் பார்க்கலாம் என்றார். இதுவரை இறங்கியதையும் இப்போது திறக்க முடியாது, தாண்டிப்போன இடங்கள் முடிந்தால்தான் படங்கள் முழுதாக வருமாம்.

ஆபீஸில் விண்ணப்பக் கட்டைத் தேடினேன். வைத்த இடத்தில் இல்லை. சாந்தாமணியைப் பார்த்துச் சத்தம் போட்டேன். சத்தம் என்று சொல்ல முடியாது. காற்றுத்தான் வந்தது. நான் என்ன சொல்கிறேன் என்று தெரியாமல் அவள் பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தாள். அவ்வளவு பக்கத்தில் வந்து நின்றவளிடம் திட்டுவதைத் திரும்பச் சொல்ல முடியவில்லை. கட்டு என் கைக்கடியில்தான் இருந்தது.

பிறகு இருவரும் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்தோம்.

பிப்ரவரி 17, திங்கள்

கிடைத்துவிட்டது.

பதினொன்றரைக்கு ஷாஹிதாவே நேரில் வந்தார். ஒரு நாள் முழுக்க ஆற வைத்துப் போட்டதில் டிஸ்க் மறுபடி ஓடியிருக்கிறது. தாண்டிப்போன இடங்களைத் திரும்பிப் போய்ப் படித்திருக்கிறது. 2021-ம் 2022-ம் முழுதாகக் கிடைத்துவிட்டன. 2023-இல் பாதி. 2024 அநேகமாகப் போய்விட்டது. அதற்குமேல் அது மூச்சே விடவில்லையாம்.

2024 போனால் போகட்டும் என்று எழுதிக் காட்டினேன். அந்த வருடக் கடைசியில்தான் தொண்டை கட்டியது.

"புது டிஸ்க்குல சுத்தறது ஒண்ணும் கிடையாதுங்க. இது வேற மாதிரி," என்று சொல்லி மாட்டினார். பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. டீ போட எழுந்த சாந்தாமணி பாதி வழியில் திரும்பி நின்றாள். "அதுக்குள்ளயா?"

கேமராவை நிறுத்தியாயிற்று. டிஸ்க் வரி இரண்டு சதவீதம் காட்டியது. நான் கொஞ்ச நேரம் அந்த இரண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷாஹிதா சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். நானும் ஒரு வாரத்தில் முதல் தடவையாக மறுசோறு வாங்கினேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சாந்தாமணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்க ஆரம்பித்திருக்கிறாள். நல்ல வாக்கியம் வரும் இடத்தில் நேரத்தைக் குறித்து வைக்கிறாள். மெர்லின் மேடம் அதை வெட்டி போனில் பட்டனாக்கித் தருவாராம். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவள் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தாள். இரண்டு தடவை சிரித்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, இருங்க என்று கை காட்டினாள்.

பிப்ரவரி 19, புதன்

ஆஸ்பத்திரி. சேர்ந்துவிட்டோம். ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள், கழுத்தைச் சவரம் செய்தார்கள்.

மத்தியானம் மெர்லின் மேடம் போனைக் கொண்டுவந்தார். முதல் கட்டமாக நாற்பது பட்டன் தயார். "வேற ஏதாவது விட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

சாந்தாமணி ஜன்னல் பக்கம் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். "இதுவரைக்கும் கேட்டதுல எம் பேரு ஒரு எடத்துலயும் வல்லீங்க மேடம்," என்றாள். "அது வண்டி. அங்க எப்படி வரும்."

வீட்டிலும் வந்ததில்லை. இருபத்தாறு வருடமாக 'இந்தா', 'இங்க பாரு' என்று ஓடிவிட்டது. மேடம் என்னைப் பார்த்தார். மைக்கை வாங்கினேன். மூன்று தடவை சொன்னேன். முதல் இரண்டும் காற்று. மூன்றாவது கேட்கும்படி இருந்தது. மேடம் போதும் என்றார். அவர் போன பிறகு இன்னொரு தடவையும் சொல்லிப் பார்த்தேன், சரியாக வருகிறதா என்று. பதிவுக்காகத்தான்.

சாந்தாமணி மடித்த துண்டையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 20, வியாழன்

காலை ஆறரை. கூப்பிடுகிறார்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

எழுத்து என்னுடையது மாதிரி இல்லை.

கழுத்தில் துளை இருக்கிறது. மூக்கில் குழாய், அதன் வழியாகத்தான் சாப்பாடு. இருமினால் சத்தம் கழுத்திலிருந்து வருகிறது. வலி தாங்குகிற அளவுதான். விழித்ததும் என்னை அறியாமல் "மணி என்ன" என்று கேட்டேன். உதடு அசைந்தது, அவ்வளவுதான். அது தெரிந்த விஷயம்தான் என்றாலும் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை ஒரு புது நர்ஸ் ஊசி போட நரம்பைத் தேடினார். இரண்டு தடவை தவறியது. சாரி சார், சாரி சார் என்றார். சாந்தாமணியிடம் போனை வாங்கிப் பட்டனைத் தேடி அழுத்தினேன்.

"பரவால்லைங்க. பயப்படாதீங்க. இன்னொருக்கா பாக்கலாம்."

2021-இல் யாருக்கோ சொன்னது. அறை முழுக்கக் கணீரென்று கேட்டது. அந்தப் பெண் முதலில் என் வாயைப் பார்த்தார், பிறகு போனைப் பார்த்தார். மூன்றாவது தடவை நரம்பு கிடைத்துவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர், "யாருங்க பேசினது? டாக்டருங்களா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரருங்க," என்றாள் சாந்தாமணி.

பிப்ரவரி 26, புதன்

சாந்தாமணி இங்கேயும் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஷாஹிதா இரவல் கொடுத்தது. பட்டனுக்கு வேண்டியதெல்லாம் எப்போதோ எடுத்தாயிற்று. இருந்தும் விடவில்லை.

இன்று ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்: "அந்த ரிட்டயர்டு டீச்சரம்மா இருக்காங்கல்ல, அவங்களுக்கு எட்டு நாளு கிளட்சு வரல. எட்டு நாளும் நீங்க ஒரே மாதிரி சொல்றீங்க. ஒருக்காக்கூடக் குரல் ஒசரல."

அது தொழில் என்று, எழுதிக் காட்டக் கொடுத்திருக்கும் சிறு பலகையில் எழுதினேன்.

"எனக்கு கேஸ் சிலிண்டர் மாத்தச் சொல்லிக் குடுத்தப்ப அர நிமிசம் பொறுக்கலீங்க நீங்க."

பலகையைத் துடைத்தேன்.

"அப்புறம் இன்னொண்ணு," என்றாள். "பாடம் முடிஞ்சு ஆளு எறங்கிப் போனதும் கண்ணாடிய எறக்கற சத்தம் வருது. அப்புறம் தீக்குச்சி உரசற சத்தம். பூரா வருசமும் வருது."

மார்க்கர் காய்ந்து போயிருந்தது. உதறிப் பார்த்தும் எழுதவில்லை. அவள் தன் பையிலிருந்து வேறொன்றை எடுத்துக் கொடுத்தாள். அவள் கோபமாக இருக்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். அவள் என் கழுத்துத் துணியைச் சரிசெய்துவிட்டாள். துளை ஓரத்தில் சளி இருந்தது, அதைத் துடைத்தாள்.

அதன் பிறகு, 'என்ன செய்யணும்?' என்று எழுதினேன்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். எனக்கு வண்டி கத்துக் குடுங்க."

மார்ச் 5, புதன்

ரிப்போர்ட் வந்துவிட்டது. டாக்டர் நின்றுகொண்டே படித்தார், பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நல்ல செய்திதான்," என்றார். "கட்டிய சுத்தமா எடுத்தாச்சு. ஓரத்துலயும் இல்ல, கழுத்து நெணநீர்க் கட்டியிலயும் இல்ல. ரேடியேஷன் தேவைப்படாது. மூணு மாசம் கழிச்சு ஒரு வால்வு வெச்சுப் பேச வைக்க முயற்சி பண்ணலாம். குரல் வேற மாதிரி இருக்கும், ஆனா பேசலாம்."

நான் கைகூப்பினேன். சாந்தாமணி, "இனி ஒண்ணுமில்லீங்களா? ஒண்ணுமே இல்லீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அவர் இரண்டு தடவையும் பொறுமையாக இல்லை என்றார்.

மத்தியானம் மூக்குக் குழாயை எடுத்துவிட்டு ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தார்கள். தண்ணீருக்கு ருசி உண்டு என்று இன்றுதான் தெரிந்தது. இரண்டாவது ஸ்பூன், மூன்றாவது ஸ்பூன். எங்கும் ஒழுகவில்லை. சாந்தாமணி வராந்தாவுக்குப் போய் ஷாஹிதாவுக்குப் போன் செய்தாள். சிரிப்பு கேட்டது. திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கடந்த வாரம் சாந்தாமணி எல்.எல்.ஆர். வாங்கிவிட்டாள். எழுத்துத் தேர்வில் ஒன்றுகூடத் தப்பில்லை. இருபது வருடம் மற்றவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பியவள்.

இன்று காலை முதல் வகுப்பு. மைதானத்தில் இரண்டு சுற்று, பிறகு சென்னிமலை ரோட்டில் கொஞ்ச தூரம், அவ்வளவுதான் என்று எழுதிக் காட்டியிருந்தேன். என் பக்கத்துப் பிரேக்கில் கால், மடியில் போன், பட்டன் எல்லாம் தயார்.

ஒன்றையும் அழுத்த நேரம் வரவில்லை. அவளே பேசிக்கொண்டு ஓட்டினாள். "கிளட்ச அமுக்குங்க. பர்ஸ்ட்டு போடுங்க. இப்ப மெதுவா விடுங்க, வண்டி தானா நகரும்." நான் வண்டியில் பேசும் அதே இழுப்பு, அதே இடத்தில் நிறுத்தம். எனக்குச் சிரிப்பு வந்து துளையில் இருமல் பிடித்துக்கொண்டது. அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "எதுத்தாப்புல வண்டி வருதுங்க, கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள்.

திரும்ப வேண்டிய இடம் வந்தது. கை காட்டினேன். அவள் நேராகப் போனாள். என் கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. ஐம்பது வேகத்தில், ஒரு ஆட்டுமந்தைக்கு ஒதுங்கி, ஒரு டிராக்டரை முந்தி, சென்னிமலை அடிவாரம் வரை போய்விட்டோம். அங்கே ஒரு ஹோட்டல் வாசலில், கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தினாள்.

"பசிக்குது," என்றாள்.

இரண்டு இட்லி வாங்கிக்கொடுத்தாள். சாம்பாரில் நன்றாக ஊற வைத்து, சிறு சிறு துண்டாகத்தான் என்னால் விழுங்க முடிகிறது. இருபது நிமிடம் ஆயிற்று. பரிமாறுகிறவர் இரண்டு தடவை வந்து இலையைப் பார்த்தார். "அவரு மெதுவாத்தான் சாப்பிடுவாருங்க," என்று அவள் சொல்லிவிட்டாள். அவசரப்படுத்தாமல், மலைக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசித் துண்டும் சுகமாக இறங்கியது.

வெளியே வந்ததும், திரும்பிப் போகும்போது நான் ஓட்டுகிறேன் என்று கையை நீட்டினேன்.

சாவி தரவில்லை.